போன் சிஸ்டர்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடைக்கம்பி ஒன்று வளைந்துவிட்டது. கொடியில் போட்ட சேலை எதுவும் காயவில்லை.

இந்த மாத வீடுகள் ஆரம்பம். எல்லாம் ஆடியில் போனவர்கள்.

திருவையாறு பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் பேச்சுக் கொடுத்தாள். என்ன வேலை என்றாள். இனி வைத்தியம் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட நோயாளிகளுக்கு எங்கள் டிரஸ்ட் வலி மருந்து தரும், நர்ஸ் வீட்டுக்கே போவார், அவர்கள் இறந்து மூன்று மாதம் ஆனதும் வீட்டாரைப் பார்த்து, நாங்கள் கவனித்த விதம் எப்படி என்று கேட்டு வருவது என் வேலை என்றேன்.

“செத்த வீட்டுல போயி மார்க்கு கேக்குறீங்களா?” என்றாள். சற்று நேரம் கழித்து, “எங்க வூட்டுக்கு யாரும் வந்து கேக்கல” என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சரோஜா அம்மாள் வீடு. கணவர் கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நுரையீரலில் புற்று. அவர் படுத்திருந்த கட்டில் இன்னும் நடு அறையிலேயே. அதன்மேல் குறுவை நெல் மூட்டைகள். “காலியா கெடந்தா பாக்க முடியல சிஸ்டர்.”

காபி கொடுத்தார். சர்க்கரை அதிகம். வழக்கமான கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை மார்க் என்று. வலி கட்டுப்பட்டதா, மூச்சுத்திணறல் இருந்ததா, என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொன்னோமா.

“கூப்பிட்டப்ப ஆள் கெடச்சாங்களாம்மா?”

“மொத ரிங்குலயே எடுத்துருவாங்க. அந்த போன் சிஸ்டருக்கு எத்தன மார்க்கு வேணாலும் போட்டுக்குங்க.”

எங்கள் போன் புவனாவிடம் இருக்கும். வீடு வீடாகப் போகிற நர்ஸும் அவள்தான். அவள் முதல் ரிங்கில் எடுத்து நான் பார்த்ததில்லை. சொன்னால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

கடைசி நாளைப் பற்றிக் கேட்டேன். சரோஜா அம்மாள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

“காலையில இழுப்பு ஆரம்பிச்சுது. போனை அவரு காதுகிட்ட வைங்கன்னாங்க. வச்சேன். அவங்க பேசல. பின்னாடி யாரோ மூச்சு விடுற சத்தம் கேட்டுச்சு. ஆம்பள மூச்சு. பக்கத்து பெட்டு பேஷண்ட்டுன்னு நெனச்சேன். கொஞ்ச நேரத்துல இவரு மூச்சும் அதே மாதிரி ஆயிருச்சு. அது இழுத்தா இவரும் இழுக்குறாரு. அது விட்டா இவரும் விடுறாரு. அப்பறம் போன்ல அது நின்னுச்சு. அதுக்கப்பறந்தான் இவருது நின்னுச்சு.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நல்ல சாவு சிஸ்டர். தொணையோட போனாரு.”

டிரஸ்ட் என்பது தஞ்சாவூரில் ஒரு மாடியில் மூன்று அறை. மருந்து அலமாரி, ஃப்ரிட்ஜ், மேஜைகள். பெட் கிடையாது. அங்கே எந்த நோயாளியும் படுத்ததில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது. வீட்டுக்காரர் ஜேக்கப்புக்குப் பல்வலி. கிராம்பு வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

புவனாவிடம் கேட்டேன். விழித்தாள்.

“சரோஜாம்மா வீட்டுலேருந்தா? ஒரு போன்கூட வரலையேக்கா. நல்லாதான் இருக்காருபோலன்னு நெனச்சேன். என் முறைக்குப் போயி நின்னா, வாசல்ல பந்தல் போட்டிருக்கு.”

“நீ போனை அவர் காதுகிட்ட வைக்கச் சொல்லலையா?”

“நான் ஏன்க்கா சொல்லப் போறேன்?”

துக்கத்தில் சிலருக்கு நினைவு குழம்பும். வேறு ஆஸ்பத்திரி, வேறு யாரோ உறவுக்காரி. அப்படித்தான் இருக்க வேண்டும். இதை எழுதும்போது என் மூச்சை நானே கவனிக்கிறேன். கவனித்தால் மூச்சு தானாக வருவதில்லை.

காஸ் புக் செய்ய வேண்டும்.

நவம்பர் 5, புதன்

பாபநாசம் பக்கம். வழியெல்லாம் சம்பா பச்சை. வாய்க்கால் நிரம்பி ரோட்டோடு ஓடுகிறது. செருப்பு ஊறிவிட்டது.

ராஜா, லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அவன் அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் புற்று. வண்டியில் சிமெண்ட் ஏற்றிக்கொண்டே பதில் சொன்னான். எல்லாவற்றுக்கும் “நல்லாருந்துச்சு.” நான் போனால் போதும் என்கிற குரல். போன் பற்றிய கேள்வி வந்ததும் நின்றான்.

“அந்த சிஸ்டரா அனுப்புனாங்க உங்கள?”

“எந்த சிஸ்டர்?”

“போன்ல பேசுறவங்க. அம்மா தெனம் அவங்ககிட்ட பேசும். நான் வண்டிக்குப் போயிட்டா வேற யாரு இருக்கா பேச? கடைசியில அம்மாவுக்கு வாய் நின்னுபோச்சு. அப்பவும் அவங்க பேசுவாங்க. ஸ்பீக்கர்ல போட்டு தலமாட்டுல வச்சிருவேன்.”

“என்ன பேசுவாங்க?”

“கடலப் பத்தி. இன்னிக்கி அலை எப்படி, தண்ணி என்ன நெறம், எந்தப் பக்கம் காத்துன்னு. எங்கம்மா கடலையே பாத்ததில்ல.” தலையைக் குனிந்துகொண்டான். “நான் இப்பவும் சில சமயம் போடுவேன். பேச மாட்டேன். அவங்களும் வைக்க மாட்டாங்க. லைன்லயே இருப்பாங்க.”

யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்டதா என்று கேட்டேன். இல்லை என்றான். சிமெண்ட்டுக்கு ஆள் காத்திருக்கிறது என்று வண்டியை எடுத்துவிட்டான். நம்பரைக் கேட்காமல் விட்டேன். பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது.

தஞ்சாவூரில் ஏது கடல்.

நவம்பர் 7, வெள்ளி

நேற்று முழுக்க மழை, வீட்டிலேயே. ஜேக்கப்புக்குப் பல் பிடுங்கியாயிற்று. கஞ்சி.

இன்று நீடாமங்கலம் தாண்டி ஒரு கிராமம். கலைச்செல்வி. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பா கூலிக்கு நாற்றுப் பறித்து, நடவு நட்டு அவளை பி.எட். வரை படிக்க வைத்தவர். தாடையில் புற்று. வேறு யாரும் இல்லை, அப்பாவும் மகளும்தான். ஸ்கூலுக்கு லீவு போட்டுக் காத்திருந்தாள். வாசல் கூட்டி, கோலம் போட்டு, எனக்குத் தனி நாற்காலி.

எல்லாவற்றுக்கும் அஞ்சு. நான் கேள்வியை முடிப்பதற்குள் அஞ்சு. வலிக்கும் அஞ்சு. துணைக்கு ஆள் இருந்தார்களா என்பதற்கும் அஞ்சு.

“கடைசியில எப்படிம்மா இருந்தாரு?”

“கத்துனாருங்க. ரெண்டு நாளு. வாயைத் தொறக்க முடியாது, தொண்டையிலேருந்து ஒரு சத்தம். பக்கத்து வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டாங்க.”

“அப்ப வலிக்கு ஏன் அஞ்சு?”

“அது வலி இல்லன்னு சிஸ்டர் சொன்னாங்களே. உயிர் பிரியுறப்ப வர்ற சத்தம், கொஞ்சம் பொறுத்துக்கம்மா, அடங்கிரும்னு. காலைப் புடிச்சுக்கச் சொன்னாங்க. புடிச்சுக்கிட்டேன். அடங்கிருச்சு.”

முகத்தில் ஒரு நிம்மதி. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. எங்களில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டோம். அது வலி. கூப்பிட்டிருந்தால் புவனா அன்றைக்கே போய் மருந்தைக் கூட்டியிருப்பாள்.

“சிஸ்டருக்குப் பின்னாடி வேற ஏதாவது சத்தம் கேக்குமாம்மா?”

“ஒரு பேஷண்ட் மூச்சு விடுவாரு. பாவம், கஷ்டப்பட்டுத்தான் விடுவாரு. அவரு இருக்காரா இப்ப?”

போனைக் காட்டச் சொன்னேன். ‘போன் சிஸ்டர்’ என்று பதிந்திருந்தாள். நம்பரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எங்கள் பழைய நம்பர். வருஷக்கணக்கில் நானே எல்லோருக்கும் சொல்லி வாய்ப்பாடமான நம்பர். இடையில் யாரும் ரீசார்ஜ் செய்யாமல் விட்டு, கம்பெனிக்காரன் அதை எடுத்துக்கொண்டான். புது நம்பர் வாங்கினோம். மருந்து கொடுக்கும் மஞ்சள் பைகள் மட்டும் நிறைய மிச்சம் இருந்தன, பழைய நம்பர் அச்சடித்தவை. அதன்மேல் புது நம்பரை ஸ்டிக்கராக ஒட்டிக் கொடுத்து வந்தோம்.

கலைச்செல்வியின் பை ஆணியில் தொங்கியது. ஸ்டிக்கர் இல்லை. “அழுக்கா இருக்கேன்னு துவைச்சேங்க. ஒட்டியிருந்தது வந்திருச்சு.”

அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. வந்துவிட்டேன்.

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி, புளியமரத்தடியில் நின்று அந்த நம்பரைப் போட்டேன். நல்ல பகல், வெயில்கூட அடித்தது.

முதல் ரிங்.

“சொல்லுங்க. யாருக்கு முடியல?”

பெண் குரல். கொஞ்சம் தடித்த குரல். அவசரமே இல்லை. எனக்கு வாய் வரவில்லை.

“பரவால்ல. பேச வேண்டாம். நான் இருக்கேன்.”

அப்புறம் கேட்டது. அவள் குரலுக்குப் பின்னால், தள்ளி. உள்ளே இழுக்கும்போது ஒரு கரகரப்பு. நீண்ட இடைவெளி. இனி வராது என்று நினைக்கும்போது மறுபடி. நான் வார்டு நர்ஸாக இருந்த காலத்தில் எத்தனையோ பேரிடம் கேட்ட மூச்சு. அது வந்தால் வீட்டாரைக் கூப்பிட்டு அனுப்புவோம்.

ரயில் வந்தது. வேறு எதுவும் கேட்கவில்லை. ரயில் போனது. மூச்சு அப்படியே இருந்தது.

வைத்துவிட்டேன். கேட் திறந்து பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

நவம்பர் 8, சனி

மேகமூட்டம். இட்லி மாவு புளித்துவிட்டது.

புவனாவிடம் சொன்னேன். பை வைத்திருக்கும் அறைக்குள் போனாள். வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் கட்டுக்கட்டாகப் பைகளைக் கீழே தள்ளி, ஒவ்வொன்றாக ஸ்டிக்கரை நகத்தால் பிய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எல்லாம் சுலபமாக வருகிறது.

“போன் வரலன்னா நல்லாருக்காங்கன்னு நெனச்சேன்க்கா. நிம்மதியாருந்தேன்.”

பக்கத்தில் உட்கார்ந்தேன்.

டிரஸ்ட்டை நடத்தும் டாக்டர் முழுதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். மனிதர் கெட்டவர் இல்லை.

“பையை இன்னிக்கே மாத்திருவோம். இப்ப நம்மகிட்ட இருக்குற அத்தனை வீட்டுக்கும் புவனா போன் பண்ணி நம்பர் சொல்லட்டும். ஆனா செத்தவங்க வீட்டுக்குப் போயி, உங்ககிட்ட பேசினது நாங்க இல்லன்னு சொல்றது தேவையா சிஸ்டர்? அவங்க நிம்மதியா இருக்காங்க. அதைக் கெடுத்து யாருக்கு என்ன?”

“அப்ப அவங்க போட்ட மார்க் யாருக்கு சார்?”

முதலில் அந்தப் பெண் யார் என்று பாருங்கள் என்றார்.

மத்தியானம் மறுபடி போட்டேன். புவனாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. என் பேர் ஸ்டெல்லா, இந்த நம்பர் முன்பு எங்களுடையது என்று சொன்னேன்.

“யாராவது ஒரு நாள் வருவீங்கன்னு தெரியும். பூம்புகாருக்கு வாங்க. வசந்தான்னு கேட்டா சொல்லுவாங்க.”

வைத்த பிறகு புவனா என்னைப் பார்த்தாள். “யாருக்கோ ரொம்ப முடியலபோலருக்கே அங்க.”

நவம்பர் 9, ஞாயிறு

கோயிலுக்குப் போனோம். பிரசங்கம் மனதில் ஏறவில்லை. பாட்டின்போது, வரிகளுக்கு இடையில் எல்லோரும் சேர்ந்து மூச்சு இழுக்கும் இடம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷத்தில் கவனித்ததே இல்லை. பாதிப் பாட்டில் உட்கார்ந்துவிட்டேன். இடுப்பா என்று ஜேக்கப் கேட்டார். ஆமாம் என்றேன்.

மகள் போன் செய்தாள். கிறிஸ்துமஸுக்கு வருகிறாளாம். பலகாரத்துக்கு ரவை சொல்லி வைக்க வேண்டும்.

நவம்பர் 11, செவ்வாய்

மயிலாடுதுறையில் பஸ் மாறி பூம்புகார். காற்று. மழை இல்லை. வலை உலர்த்தும் இடத்தைத் தாண்டி உள்ளே தள்ளி ஒரு தெரு. வசந்தா வீட்டைக் கேட்டதும் காட்டினார்கள். காட்டிய பெண், “போன் பண்ணிட்டுத்தானே வந்தீங்க?” என்றாள். ஏன் என்றேன். “சும்மா” என்று போய்விட்டாள்.

வசந்தாவுக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து இருக்கும். பருத்த உடம்பு. வாரிய தலை, துவைத்த நைட்டி, தோளில் துண்டு. ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதியவர். மகன்கள் இரண்டு பேரும் துபாயில். வீட்டில் அவர் மட்டும்தான்.

சிறிய ஹால். சுவரோரம் இரும்புக் கட்டில். மெத்தையைச் சுருட்டி வைத்திருக்கிறது. மேலே கணவர் படம், பிளாஸ்டிக் மாலை. படகு எஞ்சின் மெக்கானிக். பக்கவாதம் வந்து வருஷக்கணக்கில் அந்தக் கட்டிலிலேயே கிடந்திருக்கிறார்.

டீ போட்டார். நானே கேட்பதற்கு முன் ஆரம்பித்தார்.

“சிம் மாத்துன புதுசு. ஒரு பொண்ணு போட்டுச்சு. சிஸ்டர், அப்பா கண்ணைத் தொறக்க மாட்டேங்குறாருன்னுச்சு. ராங் நம்பர்னு வச்சேன். மறுபடி போட்டுச்சு. மறுபடி வச்சேன். அதுக்கப்பறம் போடல. அன்னிக்கிப் பூரா மனசு கேக்கல. மறுநாள் நானே கூப்பிட்டேன். முடிஞ்சிருச்சும்மான்னு வேற யாரோ சொன்னாங்க. அதுலேருந்து நான் யாருக்கும் ராங் நம்பர்னு சொன்னதில்ல.”

“ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்லலையா?”

“சொல்லாம இருப்பனா? ஆஸ்பத்திரியிலதான் வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னு எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாங்க. அதுக்கு மேல எங்கயோ மருந்து இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் இவரைப் பாத்துக்கிட்ட மாதிரி அவங்களைப் பாத்துக்கச் சொன்னேன். திருப்பிப் போடுங்க, வாயை நனைங்க, பேசிக்கிட்டே இருங்கன்னு.”

கலைச்செல்வியின் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அந்தச் சத்தம் வலி, மருந்து கொடுத்திருந்தால் குறைந்திருக்கும் என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லத்தான் போனேன்.

வசந்தாவின் கை மடியில் அப்படியே நின்றது.

“இவரும் அப்படித்தான் கத்துனாரு. அது ஒண்ணுமில்லம்மா, போற நேரத்துல வர்ற சத்தம்னு இங்க சொன்னாங்க. அதைத்தான் நான் எல்லாருக்கும் சொன்னேன்.” கட்டிலைப் பார்த்தார். “அப்ப அதுவும் வலியா?”

நான் அவரைப் பார்க்கவில்லை, சோதிக்கவில்லை, தெரியாது. அப்படித்தான் சொன்னேன். வசந்தா தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

“எப்பம்மா இறந்தாரு?”

“பங்குனியில.”

சரோஜா அம்மாளின் கணவர் ஆடி. கலைச்செல்வியின் அப்பா ஆடி. அந்த மூச்சை நான் கேட்டது போன வெள்ளிக்கிழமை.

டீயைக் கீழே வைத்தேன். போனில் பின்னால் ஒரு மூச்சு கேட்கிறதே என்றேன்.

“எல்லாரும் கேக்குறாங்க” என்றார் வசந்தா. “எனக்குக் கேக்காது.”

கடல் சத்தமாக இருக்குமோ என்று காதைக் கொடுத்தேன். அலை கேட்டது, அது வேறு. ஜன்னல் வழியாகக் காற்று. பக்கத்து வீட்டில் டிவி. மூச்சு என்று சொல்ல அந்த அறையில் எங்கள் இருவருடையதுதான்.

அப்போது போன் அடித்தது. முதல் ரிங்கிலேயே எடுத்தார், ஸ்பீக்கரில் போட்டார்.

“சிஸ்டர், வலங்கைமான்லேருந்து பேசுறேன். அவரு தரையில உருளுறாரு சிஸ்டர். மாத்திரை குடுத்தும் நிக்கல.”

வசந்தா வாயைத் திறந்தார். மூடினார். போனை என்னிடம் நீட்டினார்.

வாங்கிப் பேசினேன். பேர், தெரு, கடைசியாக எப்போது மாத்திரை, எத்தனை. என் போனில் புவனாவைப் பிடித்தேன். அந்த வீட்டுக்குப் போட்டபோதெல்லாம் லைன் கிடைக்கவில்லையாம். வலங்கைமானுக்குப் பக்கத்தில்தான் இருந்தாள், உடனே கிளம்புகிறேன் என்றாள். அந்த அம்மாவிடம், ஒரு நர்ஸ் வருகிறார், மருந்து கொண்டு வருகிறார், அதுவரை நான் லைனில் இருக்கிறேன் என்றேன்.

“சரி சிஸ்டர்.” அழுகை கொஞ்சம் அடங்கியது. பிறகு, “உங்க பக்கத்துல யாரு சிஸ்டர் படுத்திருக்கா? அவருக்கும் முடியலையா?” என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன். சுருட்டிய மெத்தை. படம். ஜன்னல். வசந்தா சுவரில் சாய்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமாம்மா” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

புவனா போய்ச் சேரும்வரை லைனில் இருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

கிளம்பும்போது வசந்தா வாசல்வரை வந்தார். நம்பரைத் திருப்பித் தரட்டுமா என்றார். எத்தனை பழைய பை எத்தனை வீட்டில் கிடக்கிறதோ தெரியாது, நீங்களே வைத்திருங்கள், வருகிற ஆளை உடனே எங்கள் நம்பருக்கு அனுப்பிவிடுங்கள், நீங்களாக எதுவும் சொல்லாதீர்கள் என்றேன்.

“சரி. ஆனா செத்ததுக்கப்பறம் கூப்புடுறவங்க இருக்காங்க. பேசாம லைன்ல இருக்குறவங்க. அவங்கள எங்க அனுப்புறது?”

அவர்கள் உங்களிடமே இருக்கட்டும் என்றேன்.

நவம்பர் 12, புதன்

உடம்பு முழுக்க வலி. லீவு போடலாம் என்று நினைத்தேன், ஆனால் போய்விட்டேன்.

வலங்கைமான்காரர் தூங்குகிறாராம். ஊசி போட்டு, மாத்திரை அளவைக் கூட்டி, அவர் கண் அசரும்வரை புவனா கூடவே இருந்திருக்கிறாள். அவர் மனைவி பல நாள் கழித்து உட்கார்ந்து சோறு சாப்பிட்டாளாம். “சோத்துல கை வச்சுக்கிட்டே தூங்கிட்டாங்கக்கா.”

டாக்டரும் கேட்டுக்கொண்டிருந்தார். என் மேஜைக்கு வந்தார். “நீங்க சொன்னதுதான் சரி சிஸ்டர். அந்த வீடுகளுக்குப் போய்ச் சொல்லிருங்க. நானும் வரட்டுமா?” தனியாகப் போகிறேன் என்றேன். சரோஜா அம்மாளைத் தானே போய்ப் பார்ப்பதாகச் சொன்னார். பார்ப்பார்.

மூச்சைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. ஜேக்கப்பிடம் மட்டும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “நல்ல ஆளா இருப்பாரு” என்று மட்டும் சொன்னார்.

காஸ் வந்தது.

நவம்பர் 13, வியாழன்

ராஜாவைப் பஸ் ஸ்டாண்டு பக்கம் பார்த்துச் சொன்னேன். வண்டியை அணைத்துவிட்டுக் கேட்டான்.

“நர்ஸ் இல்லையா?”

“இல்ல.”

“கடல்?”

“நெஜம். பூம்புகார்ல இருக்காங்க.”

வெகுநேரம் ஸ்டியரிங்கையே பார்த்தான். அம்மாவுக்கு வலி இருந்ததா என்று நான் கேட்டேன். பெரிசாக இல்லை என்றான். நம்புகிறேன். பூம்புகாருக்கு எந்த வழி கிட்ட என்று கேட்டான்.

நவம்பர் 14, வெள்ளி

கனமழை எச்சரிக்கை, பள்ளிகளுக்கு விடுமுறை. கலைச்செல்வி வீட்டில் இருப்பாள் என்று கிளம்பினேன். மழை பெரிதாக இல்லை. வயலில் தண்ணீர் வடிய வரப்பை வெட்டி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் தடவை கோலம் இல்லை. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். ஸ்டிக்கர், பழைய நம்பர், பூம்புகார், பக்கவாதக் கணவரை வைத்துப் பார்த்துக்கொண்ட வசந்தா. அவர் நர்ஸ் இல்லை, எங்கள் ஆளும் இல்லை, தப்பு எங்களுடையது. எல்லாவற்றையும் கேட்டாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“மருந்து வந்திருந்தா அப்பாவுக்கு வலி கொறைஞ்சிருக்குமா?”

பஸ்ஸில் வரும்போது இதற்கு நாலைந்து விதமான பதில் யோசித்து வைத்திருந்தேன்.

“கொறைஞ்சிருக்கும்மா.”

எழுந்து கொல்லைப் பக்கம் போனாள். குழாய் திறந்த சத்தம். அதைத் தவிர வேறு சத்தம் இல்லை. பக்கத்து வீட்டில் கதவைச் சாத்தினார்கள். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழாய் நின்றது. முகம் கழுவி வந்தாள். முன்பக்கத் தலைமுடியெல்லாம் ஈரம்.

“அந்தம்மா வேணும்னு பண்ணலல்ல?”

“இல்லம்மா.”

“அவங்க வீட்டுக்காரருக்கும் அதே மாதிரியா?”

“அதே மாதிரிதான்.”

கீழே உட்கார்ந்தாள். விடைத்தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தாள்.

“அன்னிக்கி நான் குடுத்த மார்க்கு இருக்கா?”

இருக்கிறது என்றேன். பையிலிருந்து எடுத்தேன்.

“வலிக்கு அஞ்சு போட்டேன்ல. அதை அடிச்சுட்டு ஒண்ணு போடுங்க.”

அடித்தேன். ஒன்று போட்டேன். அடுத்த வரிக்குப் பேனா போனது. துணைக்கு ஆள் இருந்தார்களா என்பது. நிமிர்ந்து பார்த்தேன்.

“அதுல கை வைக்காதீங்க” என்றாள்.